எழுதாமல் விட்ட பழுது

லொறி ஓட்டப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். "அங்கிள், பம்பரில ஒரு சின்னக் கீறல். ஆருக்கும் தெரியாது. இதையும் போய் ஒஃபீசில சொல்லவேணுமோ?"

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது அவருக்கு. அவர் முகத்தில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். சொல்லவேண்டும் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். அடுத்த முறை கீறல் விழும்போது அந்தத் தலையாட்டல் உதவாது. எனக்கும் வேலைக்குச் சேர்ந்த நாளில் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. முப்பது வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவன் என்று என் பிரியாவிடையில் சொன்னார்கள். அது முழு உண்மை அல்ல.

எண்பதுகளின் கடைசியில் சவுத்தாலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் லொறிச் சாரதியாகச் சேர்ந்தேன். லண்டன் முழுவதும் உணவகங்களுக்கும் கன்டீன்களுக்கும் எண்ணெய், மா, அரிசி கொண்டுபோய் இறக்குவது வேலை. அந்தக் காலத்தில் கார் லைசென்ஸ் இருந்தாலே ஏழரைத் தொன் லொறி ஓட்டலாம். அகதிகளாக வந்த எங்களில் பலர் அந்த வாசலால்தான் வேலைக்குள் நுழைந்தோம்.

என்னை அங்கே சேர்த்துவிட்டவன் குலம். பருத்தித்துறைக்காரன், என் வயதுதான். ஊரில் பஸ் ஓட்டியவன். சவுத்தாலில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். அவனுடைய மனைவி சரசுவும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் குலம் கட்டிலில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து, சரசுவுக்குக் கடிதம் எழுதுவான். ஆறு பக்கம், எட்டுப் பக்கம் போகும். "என்னடா இவ்வளவு எழுதுறாய்?" என்று கேட்டால், "லண்டனில என்ன மழை பெய்யுது எண்டு அவளுக்குத் தெரியவேணும் மச்சான்" என்பான்.

லொறிகள் நிற்கும் யார்டுக்கு மனேஜர் டெரிக் என்ற வெள்ளைக்காரர். பெரிய குரல். காலையில் லொறியை எடுக்கும்போதும் மாலையில் கொண்டுவந்து விடும்போதும் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். டயர், விளக்கு, கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அடியில், பழுது ஏதும் இருந்தால் எழுத நாலு வரி. நான் சேர்ந்த முதல் நாள் டெரிக் அந்த நாலு வரியின் மேல் விரலை வைத்து, "எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இங்கே எழுது" என்றார். ஆனால் யார்டில் நாங்கள் கேட்ட கதை வேறு. நான் சேரச் சில நாள் முன்பு ஒரு போலந்துக்காரன் நின்றிருந்த காரில் லொறியை உரசியதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டான் என்று எல்லோரும் கதைத்தார்கள். எனக்கு ஆறு மாதப் புரொபேஷன். விசாவும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டிய விசா. விரலை வைத்துக் காட்டியதை விட, வேலை போனவனின் கதைதான் மனதில் நின்றது.

அது ஒரு மாரிகால வெள்ளிக்கிழமை. ஸ்ட்ரெதம் பிரதான வீதிக் கடைகளுக்குப் பின்னால் உள்ள ஓர் ஒழுங்கையில் லொறியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால், ஒழுங்கைக்குள் நுழையக் காத்து நின்ற வான்காரன் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை. இறங்கி ஒருமுறை பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. சுவர்மூலையில் நட்டிருந்த இரும்புக் கம்பத்தில் லொறியின் பின்பக்கம் இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

லொறியின் பின்னால் டெயில் லிஃப்ட் என்று ஒன்று இருக்கும். சாமான்களை மேலிருந்து நிலத்துக்கு இறக்கும் இரும்புத் தட்டு. ஓடும்போது அது நிமிர்ந்து கதவோடு ஒட்டி நிற்கும். ஒரு கொளுக்கிதான் அதைப் பிடித்து வைத்திருக்கும். எங்களிடம் இருந்தது பழைய மாதிரி. தட்டின் பாரம் இரண்டு ஆள் பாரம். என்னுடைய இடியில் அந்தக் கொளுக்கி ஒரு விரல் அளவுக்கு வளைந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை. பெயின்ற் கொஞ்சம் உரிந்திருந்தது.

கருவிப் பெட்டியில் இருந்து சுத்தியலை எடுத்து மூன்று தட்டுத் தட்டினேன். கொளுக்கி நேரானது. தட்டை நிமிர்த்திப் பூட்டிப் பார்த்தேன். பூட்டியது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பழந்துணியில் கிறீஸைத் தொட்டு உரிந்த இடத்தில் பூசினேன். பூசிவிட்டு எட்டி நின்று பார்த்தபோது எனக்கு வந்தது கவலை அல்ல, ஒரு சின்னச் சந்தோசம். கெட்டித்தனமாகச் சமாளித்துவிட்டேன் என்ற சந்தோசம். அன்று பின்னேரம் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டேன். அடியில் இருந்த நாலு வரியையும் வெறுமையாக விட்டேன். டெரிக் அதைப் பார்க்காமலே கோப்பில் போட்டார்.

பிள்ளைகளே, நான் செய்த பிழை அதோடு முடிந்திருந்தால் இதை எழுதும் தேவை வந்திராது. எனக்கு இன்னொரு சந்தர்ப்பமும் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை லொறிகளைப் பங்கிட்டார்கள். எனக்கு வேறு லொறி. நான் இடித்த லொறியின் சாவி குலத்தின் கையில் இருந்தது. பனி பெய்து யார்ட் வெள்ளையாகக் கிடந்தது. அவன் சாவியைச் சுண்டிக்கொண்டு என்னிடம் வந்து, "இண்டைக்கு எனக்கு அதிட்டம் மச்சான். இதில ஹீற்றர் வேலை செய்யுது" என்றான்.

"எங்க ஓட்டம்?" என்று கேட்டேன்.

"ஆர்ச்வே பக்கம். மலையேறவேணும். நேரம் இருந்தா அங்க முருகன் கோயிலையும் எட்டிப் பார்த்திட்டு வாறன்."

சொல்லலாமென்று வாய் வரை வந்தது. 'குலம், அந்தக் கொளுக்கியை ஒருக்காப் பார்' என்று சொன்னால் போதும். தமிழில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நின்ற டெரிக்குக்கோ வேறு எவருக்கோ விளங்கியிராது. ஆனால் ஏன் என்று அவன் கேட்பான், சொன்னால், "ஏன்ரா எழுதேல்லை?" என்பான், அவனுக்குப் பொய்க் கையெழுத்துப் பிடிக்காது. இதையெல்லாம் ஒரு கணத்தில் நினைத்தேன். இழுத்துப் பார்த்தேன்தானே, அசையவில்லைதானே என்றும் நினைத்தேன். "கவனமாப் போட்டு வா" என்று மட்டும் சொன்னேன். அவன் லொறியைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதையும், டெயில் லிஃப்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதையும், கையெழுத்து வைப்பதையும் நான் கண்டேன். அன்று அவன் செய்யவேண்டிய எதையும் செய்யாமல் விடவில்லை. இதற்கு நான்தான் சாட்சி.

ஆர்ச்வேயில் ஏற்றமான ஒரு வீதியில் லொறியை நிறுத்தியிருக்கிறான். ஏற்றத்தில் நின்றால் தட்டின் பாரம் முழுவதும் வெளிப்பக்கம் தள்ளும். சுத்தியலால் தட்டி நிமிர்த்திய இரும்பு வெளியே பார்க்க நேராக இருக்கும், உள்ளே வெடித்திருக்கும் என்று பின்னால் மெக்கானிக் சொன்னார். குலம் பின்னால் நின்று, சாமான் ஏற்றும் சில்லு வைத்த வெறும் இரும்புக் கூட்டை வீதியில் நகர்த்திக்கொண்டிருந்தபோது கொளுக்கி உடைந்து தட்டு விழுந்தது. தலையைக் காப்பாற்ற வலக்கையைத் தூக்கியிருக்கிறான். தட்டுக்கும் இரும்புக் கூட்டுக்கும் நடுவில் அந்தக் கை அகப்பட்டது.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு இனி மடங்காது என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். வேலை முடிந்ததும் அறைக்கு ஓடிச் சோறு சமைத்து, மீன்குழம்பும் வைத்து எடுத்துக்கொண்டு போவேன். பிசைந்து ஊட்டிவிடுவேன். பக்கத்துக் கட்டில் கிழவர், இவன் உன் அண்ணனா என்று என்னைக் காட்டி அவனிடம் கேட்டார். குலம் சிரித்து, "அண்ணனை விட மேல்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் தண்ணீர் எடுக்கப் போவது போல எழுந்து வெளியே போய் நின்றேன்.

கம்பெனி விசாரணை தொடங்கியது. காலையில் பார்த்துக் கையெழுத்து வைத்தவன் குலம். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைப் படிவம் சுத்தம். ஆகவே அவன் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது தட்டைச் சரியாகப் பூட்டவில்லை என்றுதான் எல்லோரும் முடிவுகட்டினார்கள். குலம் முதலில் மறுத்தான். "நான் இழுத்துப் பார்த்தனான் மச்சான். பூட்டிக் கிடந்தது. எனக்கு நல்ல ஞாபகம்" என்றான். இரண்டாவது கிழமை, "பார்த்தனான் எண்டுதான் நினைக்கிறன்" என்றான். மூன்றாவது கிழமை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபடி, "ஹீற்றர் சந்தோசத்தில பார்க்காமல் ஏறிப்போட்டனோ தெரியேல்லை. குளிர் வேற. மனுசன்தானே, மறந்திருப்பன்" என்றான்.

ஊரில் பஸ் ஓட்டிய காலம் முழுவதும் ஒரு மாட்டைக்கூட இடிக்காதவன் அவன். அந்த மனிதன் தன் கண்ணையும் கையையும் நம்பாமல் போவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். சொல்லாத ஒவ்வொரு நாளும் அடுத்த நாளை இன்னும் கடினமாக்கியது. முதல் நாள் சொல்லவேண்டியிருந்தது ஒரு கொளுக்கியைப் பற்றி. இப்போது சொல்லவேண்டியது என்னைப் பற்றி.

நாலாவது கிழமை ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் போனபோது குலம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மேசையில் ஒரு எயார்மெயில் கடுதாசியும் பேனையும் இருந்தன. இடக்கையால் எழுதிப் பார்த்திருக்கிறான். மேலே இரண்டு எழுத்துக் கோணலாகக் கிடந்தது.

"எனக்கு ஏலாது. நீ எழுதுறியோ? சரசுவுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுது."

எழுதினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்டான். இங்கே பனி முழங்கால் வரை என்று கொஞ்சம் கூட்டிச் சொன்னான். பிறகு கட்டுப்போட்ட கையைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தான்.

"எழுது. எனக்கு வலக்கையில ஒரு காயம். பயப்பிடவேண்டாம். இனி லொறி ஓட ஏலாமல் போகலாம். இது ஒருத்தற்ற பிழையும் இல்லை. என்ர கவனக்குறைவாலதான் நடந்தது."

பேனை நின்றுவிட்டது.

"ஏன் நிப்பாட்டிட்டாய்? எழுது. என்ர கவனக்குறைவாலதான்..."

எழுதினேன். என் கையெழுத்தில் அந்த வரியை எழுதினேன். அவன் இடக்கையால் தன் பெயரைக் கீழே கிறுக்கினான். "இண்டைக்கே போட்டுவிடு" என்று கடிதத்தைத் தந்தான். வரும் வழியில் ஒரு தபால்பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். போடவில்லை.

மறுநாள் காலை, லொறி எடுக்கமுன், டெரிக்கின் அறைக்குப் போனேன். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுங்கை, கம்பம், சுத்தியல், கிறீஸ். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. எழுந்து படிவங்கள் இருந்த கோப்பை எடுத்து, அந்த வெள்ளிக்கிழமைப் படிவத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார்.

"ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்.

"போலந்துக்காரனை வேலையை விட்டு நீக்கினீர்கள். எனக்கும் அதுதான் நடக்கும் என்று பயந்தேன்."

டெரிக் மறுத்துத் தலையை அசைத்தார். "அவனை இடித்ததற்காக நீக்கவில்லை. இடித்துவிட்டு, இடிக்கவில்லை என்று பொய் சொன்னதற்காக நீக்கினேன். அந்தக் காரில் ஒரு பிள்ளை இருந்தது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ எழுதியிருந்தால் நான் ஐந்து நிமிடம் ஏசியிருப்பேன். லொறி கராஜுக்குப் போயிருக்கும். திங்கட்கிழமை அவன் வேறு லொறியை எடுத்திருப்பான்."

ஐந்து நிமிட ஏச்சு. அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் நான் அந்த நாலு வரியையும் வெறுமையாக விட்டேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகவில்லை. கடிதத்தை மட்டும் கொண்டுபோனேன். குலத்திடம் சொன்னேன். அவன் குறுக்கே ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டான். நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்துவிட்டுப் போனாள்.

"அண்டைக்குக் காலமை யார்டில என்னோட கதைச்சனி" என்றான் குலம்.

"ஓம்."

"கவனமாப் போட்டு வா எண்டனி."

"ஓம்."

"அப்ப உனக்குத் தெரியும்."

அவன் குரலை உயர்த்தவில்லை. "கை போனது போனதுதான். அது விபத்து எண்டு ஒருநாள் மறப்பன். நாலு கிழமையா நான் என்ர கண்ணை நம்பேல்லை. நித்திரையில எழும்பி, பார்த்தனியோ பார்த்தனியோ எண்டு என்னையே கேட்டனான். நீ பக்கத்தில இருந்து சோறு தீத்தினி."

கடிதம் எங்கே என்று கேட்டான். கொடுத்தேன். ஒரு கையால் அதைக் கிழிக்கப் பார்த்தான். முடியவில்லை. நான் உதவிக்குக் கையை நீட்டினேன். "விடு" என்றான். பல்லால் ஒரு ஓரத்தைக் கடித்துப் பிடித்து இழுத்துக் கிழித்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

கம்பெனி அவன் மேல் இருந்த குற்றத்தை நீக்கியது. அவனுக்குச் சேரவேண்டிய நட்டஈடும் கிடைத்தது. எனக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். நானாகப் போய்ச் சொன்னதால் வேலையில் வைத்துக்கொண்டார்கள். பொய்க் கையெழுத்துப் போட்ட நான் தொடர்ந்து லொறி ஓட்டினேன். சரியாகப் பார்த்தவனால் ஓட்ட முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் இருந்து குலம் சவுத்தால் அறைக்கு வரவில்லை; ஸ்ட்ரெதமில் இருந்த தன் மச்சாள் வீட்டுக்குப் போனான். அவனுடைய துணிமணிகளை ஒரு உறவுக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். சரசுவும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள் என்று வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு முறை கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. வராதது நியாயம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் என்னை யார்ட் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அப்போது மேலே இருப்பவர்களின் பக்கத்துப் பிழையும் எனக்கு விளங்கியது. ஒருநாள் காலை, லொறிகள் வரிசையாக நிற்க, போனும் அடித்துக்கொண்டிருக்க, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சாரதி வந்து பக்கக் கண்ணாடியின் தண்டு கொஞ்சம் ஆடுகிறது என்றார். "இப்பவோ இதைச் சொல்லுறது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் முகம் சுருங்கியது. சாவியோடு லொறியை நோக்கித் திரும்பி நடந்தார். அந்த நடையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னால் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, லொறியை நிறுத்தி, தண்டை மாற்றிக் கொடுத்தேன். இன்று சூப்பர்வைசராக இருப்பவர்களும் இதை வாசித்தால், உங்களுக்கும் ஒன்று: உங்கள் குரலைக் கேட்டுத்தான் அந்த நாலு வரியை அவர்கள் நிரப்புவார்கள், அல்லது வெறுமையாக விடுவார்கள்.

ஆள் குறைந்த நாட்களில் நானும் லொறி எடுப்பேன். அப்படி ஒரு பிற்பகல், ஸ்ட்ரெதமில் இடப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டபடி ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வந்தபோது, பிள்ளைகளை வீதி கடத்தும் கவுன்சில் ஊழியர், மஞ்சள் கோட்டோடு, தடியில் மாட்டிய வட்டப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடுவீதிக்கு வந்தார். நிறுத்தினேன். பலகையை இடக்கையால் பிடித்திருந்தார். வலக்கை கோட்டுப் பைக்குள் இருந்தது. தலை நரைத்திருந்தது. குலம்.

அவனும் என்னைக் கண்டுகொண்டான். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கடந்து போனார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், பிறகு லொறியைப் பார்த்தான், முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் வரை, யார்டில் காலையில் பார்ப்பது போலவே. கடைசிப் பிள்ளையும் நடைபாதை ஏறிய பிறகு என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். நான் கண்ணாடியை இறக்கினேன். "குலம்..." என்றேன்.

"உங்கட இடப்பக்க சிக்னல் எரியேல்லை" என்றான். "திரும்பேக்க பிள்ளையளுக்குத் தெரியாது. போனவுடன எழுதிக் குடுங்கோ."

மச்சான் என்றும் நீ என்றும் கூப்பிட்டவன். முன்பின் தெரியாத ஒரு சாரதியிடம் கதைப்பது போல, மரியாதையாகச் சொன்னான்.

"ஓம். எழுதிக் குடுக்கிறன்" என்றேன்.

அவன் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு நடைபாதைக்குத் திரும்பினான். எனக்குப் பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அடிக்கட்டும் என்று லொறியை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடப்பக்க விளக்கு எரியவில்லை. இருக்கையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்து, முதல் வரியில் அதை எழுதினேன். பழுதைக் கண்டவர் பெயர் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். வழக்கமாகச் சாரதியின் பெயரைத்தான் போடுவோம். நான் குலத்தின் முழுப் பெயரையும் எழுதி, அதன் கீழே என் கையெழுத்தை வைத்தேன்.